லயத்து வாசலில் ஓர் உயிர்



அட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பனி முற்றும் விலகாத காலைப்பொழுதில் பயணஞ் செய்வோர் பலரும் கண்டிருக்கக்கூடிய காட்சி ஒன்று உண்டு. சாலையோரத்துக் கானில் ஒரு நாய் கிடக்கும். இரவிற் சென்ற லொறி ஏதோ ஒன்று அதன் பின்னங்காலை முறித்துவிட்டுப் போயிருக்கும். எழ முயன்று எழ முடியாமல், தலையை மட்டும் தூக்கிப் போவோர் வருவோரைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிரட்டுக்களத்துக்கு விரைகின்ற பெண்கள் ஒரு கணம் நிற்பார்கள். "ஐயோ, பாவம்!" என்பார்கள். பின்னர் கூடையைத் தலையில் சரிசெய்துகொண்டு நடப்பார்கள். நேரந் தவறினால் அன்றைய பேர் போய்விடும். பேர் போனால் ஒரு நாட்சம்பளம் போய்விடும்.

அவர்களைக் கல்நெஞ்சர் என்று கூறுதல் நியாயமாகாது. நின்று பார்த்த அந்த ஒரு கணமே அவர்கள் நெஞ்சில் ஈரம் உண்டென்பதற்குச் சான்று. அவர்களிடம் இல்லாதவை வேறு. என்ன செய்வது என்ற அறிவு ஒன்று. செய்வதற்கு வேண்டிய வசதி மற்றொன்று. வசதியை ஓர் உரையினால் உண்டாக்கிவிட முடியாது. ஆனால் அறிவைப் பகிர்ந்துகொள்ளலாம். பத்துப் பேரிடம் அந்த அறிவு இருக்குமாயின், வசதிக்கும் ஒரு வழி பிறக்கும்.

மலைநாட்டில் நாய்க்கும் மனிதனுக்கும் உள்ள உறவு பழையது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், வேட்டைநாய்க் கூட்டமொன்றை வளர்த்து, அந்தக் குளிர்நிலத்துக் காடுகளில் மரை வேட்டையாடினார். அவ்வேட்டைகளைப் பற்றி 1850களில் அவர் எழுதி வெளியிட்ட நூல்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. அவருடைய நாய்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. பராமரிக்க ஆள் இருந்தது. பின்னர்க் காடு அழிந்து கோப்பி வந்தது. கோப்பி நோயுற்று அழியத் தேயிலை வந்தது. துரைமாரின் பங்களா நாய்களுக்குப் பெயரும் படுக்கையும் தொடர்ந்து கிடைத்தன. லயத்து நாய்க்கோ கிடைத்தது மீந்த சோறும் இஸ்தோப்பின் ஒரு மூலையுந்தான்.

இந்த லயத்து நாயை ஊர்நாய் என்பதா, வீட்டுநாய் என்பதா? ஒரு காம்பராவில் காலைச் சோறு உண்ணும்; மற்றொன்றின் வாசலில் இரவு படுக்கும்; பிள்ளைகளோடு பாடசாலை வரை சென்று திரும்பும். நல்ல காலத்தில் அது எல்லாருடைய நாய். ஆபத்துக் காலத்தில் எவருடைய நாயும் அன்று. அடிபட்டுக் கானில் கிடக்கும்போதுதான், அதற்கு உரியவர் எவருமில்லை என்பது வெளிப்படுகின்றது. ஆகவே, காயமுற்ற நாயைக் காப்பாற்றுதல் என்பது மருந்து போடும் வேலை மட்டுமன்று. உரியவர் இல்லாத ஓர் உயிருக்கு உரியவர் ஒருவரைத் தேடிக் கொடுக்கும் வேலையுமாகும்.

அவ்வேலையில் இறங்குவோரை முதலில் தடுத்து நிறுத்துவது அச்சம். அந்த அச்சம் வீண் அச்சமன்று. விசர்நாய்க்கடி நோயின் அறிகுறிகள் மனிதனிடம் தோன்றிவிட்டால், அதன்பின் பிழைத்தல் மிக மிக அரிது. உலகில் இந்நோயால் மனிதர்க்கு நேரும் மரணங்களில் நூற்றுக்குத் 99 நாய்களின் வழியாகவே நேர்கின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் இந்நோயால் ஆண்டொன்றுக்கு முந்நூறு பேருக்கு மேல் மாண்டதுண்டு. நாய்களுக்குத் தடுப்பூசி போடும் வேலையும், கடியுண்டவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கும் சிகிச்சையும் சேர்ந்து, அண்மைய ஆண்டுகளில் அந்தத் தொகையை ஏறத்தாழ இருபது முப்பது என்ற அளவுக்குக் குறைத்துவிட்டன. இது சிறிய வெற்றியன்று. எனினும் அந்த இருபது முப்பதில் ஒருவராக எவரும் ஆகிவிடக் கூடாது.

ஆதலால், கிடக்கும் நாயை நெருங்குமுன் சற்றுத் தள்ளி நின்று பார்த்தல் வேண்டும். விசர்நோய் எப்போதும் வெறிகொண்டு ஓடிக் கடிக்கும் வடிவிலேயே வருவதில்லை. ஊமை வடிவமும் அதற்கு உண்டு. கீழ்த்தாடை தொங்கும்; வாயினின்று எச்சில் வடியும்; குரல் கரகரக்கும்; பின்னங்கால்கள் விழுந்துவிடும். "தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது போலும்" என்று இரக்கங்கொண்டு வாய்க்குள் கையை விடுவோர் உண்டு. அந்த இரக்கம் உயிருக்கே உலையாகும். காயத்துக்குக் காரணம் வெளிப்படையாகத் தெரியாதபோது, இத்தகைய குறிகள் காணப்பட்டால், நாயைத் தொடாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ மிருக வைத்தியருக்கோ அறிவித்தலே முறை.

கடி பட்டுவிட்டால், அல்லது எச்சில் புண்ணிற் பட்டுவிட்டால், உடனே சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில், பதினைந்து நிமிடமேனும் அவ்விடத்தைக் கழுவுதல் வேண்டும். சுண்ணாம்பு தடவுதல், மிளகாய் வைத்துக் கட்டுதல் முதலியன தீமையே தரும். கழுவிய பின் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். கடித்த நாய் பத்து நாள் உயிரோடு நலமாக இருந்தால், கடித்த வேளையில் அதன் எச்சிலில் நோய்க்கிருமி இருக்கவில்லை என்று கொள்ளலாம் என்பது வைத்தியம் கண்ட உண்மை. ஆனால் அந்தப் பத்து நாளையும் வீட்டிலிருந்து எண்ணிக்கொண்டிருத்தல் கூடாது. ஊசி வேண்டுமா, வேண்டாமா என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் வைத்தியரே.

இனி, அடிபட்டதுதான் என்று தெளிந்த நாயை எடுப்பது எவ்வாறு? நோவு கொண்ட நாய், தன்னை வளர்த்தவனையே கடிக்கும். அது நன்றிகேடு அன்று, நோவின் இயல்பு. எனவே நேர்முகமாகச் சென்று குனியாமல், பக்கவாட்டில் மெல்ல நெருங்கித் தாழ்ந்த குரலிற் பேசுதல் நல்லது. பழஞ்சேலையிலிருந்து கிழித்த நீண்ட துணி ஒன்றை வளையமாக்கி மூக்கின்மேல் இட்டு, தாடையின் கீழ் ஒரு சுற்றுச் சுற்றி, காதுகளின் பின்னே முடிந்துவிட்டால் வாய் கட்டப்படும். மூச்சுத் திணறும் நாய்க்கும், வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூக்கிற் காயமுற்ற நாய்க்கும் வாயைக் கட்டுதல் ஆகாது. பின்னர், காலைப் பிடித்துத் தூக்காமல், சாக்கையோ கம்பளியையோ அருகில் விரித்து, உடலை அதன்மேல் மெல்ல நகர்த்தி, இருவர் இருபுறமும் பிடித்துத் தூக்குதல் வேண்டும். முதுகெலும்பில் அடிபட்டிருக்கலாம் என ஐயுற்றால் பலகையே சிறந்தது. இரத்தம் பெருகினால் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடித்தல் வேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்த்தல் கூடாது.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பேகன், மயில் குளிரால் நடுங்குகிறதென்று எண்ணித் தன் போர்வையைக் கொடுத்தான் என்பது தமிழர் வழிவழியாகக் கேட்டு வரும் கதை. மயிலுக்குப் போர்வை எதற்கு என்று நகைப்போரும் உளர். மயிலுக்கு அது தேவைப்பட்டிருக்கலாம், தேவைப்படாமலும் இருந்திருக்கலாம். ஆனால் கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலான நுவரெலியாவில், தை மாதத்து இரவில், இரத்தமிழந்து கிடக்கும் நாய்க்குப் போர்வை மருந்துக்குச் சமானம். அடிபட்ட உடல் அதிர்ச்சியில் ஆழும்போது சூட்டை இழக்கின்றது. சூட்டை இழந்தால் காயம் கொல்லாத நாயையும் குளிர் கொன்றுவிடும். ஒரு பழஞ்சாக்கு அந்த உயிரை வைத்தியரிடம் சேரும் வரையில் காத்து நிற்கும்.

செய்யத்தகாதனவும் சில உண்டு. மனிதர் விழுங்கும் நோவு மாத்திரையை நாய்க்குக் கொடுத்தல் ஆகாது. அவற்றுட் சில அதன் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பன. பூனைக்கோ பரசிற்றமோல் மாத்திரை கொடிய நஞ்சு. புழுவைத்த புண்ணில் மண்ணெண்ணெய் ஊற்றுதலும், சொறி பிடித்த தோலில் வண்டியிலிருந்து வடித்த கழிவெண்ணெய் பூசுதலும் பலவிடங்களில் கைக்கொள்ளப்படுகின்ற வழக்கங்கள். அவை தோலை வேகச் செய்வதோடு, நாய் நக்கும்போது உள்ளே சென்று நஞ்சாகவும் ஆகின்றன. உணர்விழந்த நாயின் வாயில் நீரோ பாலோ வார்த்தலும் தவறு. அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

தேயிலை மலைகளில் வண்டிச் சக்கரத்தைப் போலவே நாய்களை முடமாக்கும் மற்றொன்றும் உண்டு. அது கம்பிக் கண்ணி. சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பயன்படும் பிரேக் கம்பியைச் சுருக்காக்கி, தேயிலைக்கும் காட்டுக்கும் இடையிலுள்ள ஒற்றையடிப் பாதையில், அல்லது மரக்கறித் தோட்டத்து வேலியோரத்தில் வைத்துவிடுகின்றனர். காட்டுப்பன்றிக்காக வைக்கப்படுவது அது. வைத்தவனும் பெரும்பாலும் ஏழையே. சம்பளம் போதாமல், கிடைத்த துண்டு நிலத்தில் கோவாவும் போஞ்சியும் பயிரிட்டு, ஒரே இரவில் பன்றி அதனை உழுதுவிட்டுப் போகக் கண்டு மனம் வெந்தவன். அவன் துயரமும் மெய்யே. ஆனால் கம்பிக்குக் கண்ணில்லை. பன்றி எது, நாய் எது, சிறுத்தை எது என்று அது அறியாது.

2020ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள், சிவனொளிபாத மலையின் அடிவாரத்திலுள்ள நல்லதண்ணிப் பகுதியில், லக்ஷபான தோட்டத்தில், இத்தகைய கண்ணி ஒன்றில் கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கியது. இலங்கையில் கருஞ்சிறுத்தையைக் கண்ணாற் கண்டவர் மிகச் சிலரே. வனசீவராசிகள் திணைக்களத்தார் விரைந்து வந்து, மயக்க மருந்து செலுத்தி, அதனை விடுவித்தனர். கம்பி கழுத்தை இறுக்கியிருந்தது. அதற்குச் சிகிச்சை அளிப்பதற்காக, மலைநாட்டைவிட்டுத் தெற்கே உடவளவையிலுள்ள யானைகள் பராமரிப்பு நிலையத்துக்கு எடுத்துச் சென்றனர். நாடு முழுவதும் அது பிழைக்கவேண்டுமென்று எதிர்பார்த்திருந்தது. மே 29ஆம் நாள் அது இறந்தது.

அந்த மூன்று நாளும் தந்த பாடம் ஒன்றுண்டு. கண்ணியிலிருந்து விடுவித்தல் வேறு, காப்பாற்றுதல் வேறு. கம்பியில் அகப்பட்ட விலங்கு, விடுபடுவதற்காகத் தன் முழுப் பலத்தையும் கொண்டு மணிக்கணக்காகப் போராடுகின்றது. கழுத்தும் குரல்வளையும் உள்ளே நைந்துபோகின்றன. தசைகள் சிதைந்து, அச்சிதைவின் நஞ்சு இரத்தத்திற் கலந்து, சிறுநீரகங்களைத் தாக்குகின்றது. வெளியே ஓர் வளையமான புண் மட்டும் தெரியும்; கொல்லும் காயம் உள்ளே இருக்கும். சிறுத்தைக்கு நேர்ந்தது நாய்க்கும் நேரும். கழுத்தில் கம்பியோடு லயத்துக்குத் திரும்பி வந்த நாயின் சுருக்கைக் குறட்டாற் கத்தரித்துவிட்டு, "பிழைத்துக்கொண்டது" என்று விட்டுவிடுவோர், மூன்றாம் நாள் அதனைப் புதைக்க நேர்வது இதனாலேயே. மூச்சை அடைக்கும் கம்பியை உடனே தளர்த்துதல் வேண்டும். சதைக்குள் புதைந்துவிட்ட கம்பியை இழுத்தெடுத்தல் கூடாது. அது வைத்தியரின் வேலை.

வைத்தியரிடம் கொண்டுபோவது எவ்வாறு என்பதே மலைநாட்டில் பெரிய வினா. அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகங்கள் நகரங்களில் உள்ளன. எலும்பு முறிவு போன்ற பெரிய சிகிச்சைக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை உண்டு. ஆனால் பேருந்தில் நாயை ஏற்றுவாரில்லை. முச்சக்கர வண்டிக்குக் கூலி வேண்டும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021ஆம் ஆண்டிலேதான் ஆயிரம் ரூபாயை எட்டியது. பின்னர் அது உயர்ந்ததாயினும், விலைவாசி அதனைவிட வேகமாக உயர்ந்தது. ஒரு தொழிலாளி தனியாளாக ஒரு நாயை அட்டனிலிருந்து பேராதனைக்குக் கொண்டுபோவதென்றால், பல நாள் வியர்வையைக் கொடுத்தாக வேண்டும். அதைச் செய்யாதவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் மரணச் செலவையும் கோவில் திருவிழாச் செலவையும் ஒவ்வொரு லயமும் கூடித் தாங்கும் மரபு மலையகத்தில் உண்டு. காம்பரா ஒன்றுக்கு ஐம்பது ரூபாய் சேர்த்தால் இருபது காம்பராவில் ஆயிரம் ரூபாய் ஆகின்றது. எல்லாருடைய நாயாக இருந்ததை எல்லாருமாகக் காப்பது புதுமையன்று. பழைய மரபை இன்னோர் உயிருக்கு நீட்டுவதேயாகும்.

வைத்தியரிடம் சென்றபின் கேட்க நேரும் கடினமான வினா ஒன்றும் உண்டு. இந்த உயிர் இனிப் பிழைக்குமா? பிழைத்தாலும் நோவின்றி வாழுமா? முதுகெலும்பு அறுபட்டு, சிறுநீரையும் அடக்க இயலாது போன நாயைச் சாக்கில் கிடத்தி மாதக்கணக்கில் அழுகவிடுவது இரக்கமன்று. அத்தகைய வேளையில் ஊசியால் நோவின்றி உறங்கவைக்கும்படி வைத்தியர் கூறுவாராயின், அதனை ஏற்பதும் அன்பின் ஒரு வடிவமே. அதேபோல், ஒரு கால் போய்விட்டதே என்று உயிரையே கைவிடுதலும் பிழை. நாய் தன் உடல் எடையில் நூற்றுக்கு அறுபது பங்கை முன்னங்கால்களிலேயே தாங்குகின்றது. பின்னங்கால் ஒன்றை இழந்த நாய் சில வாரங்களில் ஓடக் கற்றுக்கொள்ளும். முன்னங்காலை இழந்தது சற்று மெதுவாகக் கற்கும், எனினும் கற்கும். மனிதன் தனக்கு நேர்ந்த ஊனத்தை எண்ணி எண்ணி மாய்கின்றான். நாய் மூன்று காலை எண்ணுகின்றதேயன்றி, போன ஒன்றை எண்ணுவதில்லை.

சிகிச்சை முடிந்து திரும்பும் நாய்க்கு வேண்டியது ஓர் இடம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறேழு பேர் வாழும்போது நாய்க்கு இடம் எங்கே? இஸ்தோப்பின் ஒரு மூலை போதும். மழைச்சாரல் படாமல் ஒரு தகரம், தரையிற் பலகை, அதன்மேல் சாக்கு, அருகே ஒரு சிரட்டை நீர். வளர்ந்த நாயின் முறிந்த எலும்பு பொருந்துவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் வேண்டும். அக்காலத்தில் அது ஓடாமலும் படிக்கட்டு ஏறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாட்பட்ட பசியோடு வந்த நாய்க்கு முதல் நாளே வயிறு நிறையச் சோறு வைத்தல் ஆபத்து. சிறிது சிறிதாக, நாளைக்கு நான்கைந்து வேளை கொடுத்தல் நன்று. உப்புக் குறைத்த சோற்றோடு பருப்பு, முட்டை, முள் நீக்கிய மீன் ஆகியன போதும். வெங்காயமும், சமைத்த எலும்பும் ஆகா.

உடற்காயம் ஆறுமுன்னே மனக்காயம் ஆறவேண்டும். கல்லெறிபட்ட நாய், கை உயர்ந்தாலே ஒடுங்கும். அதற்கு மருந்து ஒழுங்கு. ஒரே நேரத்தில் சோறு, ஒரே பெயர், ஒரே குரல். இவ்வேலைக்குப் பிள்ளைகளே சிறந்தவர்கள். ஆனால் முதிர்ந்தவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். உண்ணும் நாயைத் தொடாதே, உறங்கும் நாயை எழுப்பாதே, குட்டியோடு இருக்கும் நாயை நெருங்காதே என்ற மூன்றையும் ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால், அது நாயிடம் மட்டுமன்றிப் பிற மனிதரிடமும் நடந்துகொள்ளும் முறையைக் கற்றுக்கொள்கின்றது.

குணமான நாயைப் பிறரிடம் ஒப்படைக்குமுன் இரண்டு காரியங்கள் முடிந்திருத்தல் வேண்டும். ஒன்று விசர்நோய்த் தடுப்பூசி; மற்றொன்று கருத்தடைச் சிகிச்சை. தடுப்பூசி அரசாங்கத்தால் இலவசமாகவே போடப்படுகின்றது. ஆண்டுதோறும் அது தொடர வேண்டும். ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால், நோய் பரவும் சங்கிலி அறுபட்டுவிடும் என்பது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு.

கருத்தடையைப் பற்றிச் சிலருக்குத் தயக்கம் உண்டு. உயிரைக் காக்கப் புறப்பட்டவர் உயிர் பிறப்பதைத் தடுக்கலாமா என்பது அவர்கள் வினா. அதற்கு விடை தேயிலை மலைகளிலேயே கிடக்கின்றது. பெட்டை நாய் ஏறத்தாழ 63 நாள் சுமந்து, ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகளை ஈனும். ஆண்குட்டிகளுக்கு ஆள் கிடைக்கும். பெண்குட்டிகள் உரப்பையிற் கட்டப்பட்டு, சந்தை மூலையிலோ வளைவுச் சாலையிலோ விடப்படும். அவற்றுள் எத்தனை அடுத்த மழையைக் காணும்? கொல்லப்படுவதற்கென்றே பிறப்பதைத் தடுப்பது கொலையன்று. கொலையைத் தடுப்பதே அது.

இவ்வழியைத் தமிழ்கூறும் நல்லுலகில் முன்னின்று காட்டியவர் ஒரு விமானி. சென்னையில் 1959ஆம் ஆண்டு, மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைக் கேப்டன் வி. சுந்தரம் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அதிலிருந்து பிறந்ததே இந்திய நீலச்சிலுவைச் சங்கம். அக்காலத்தில் சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. கொன்றும் தொகை குறையவில்லை. கொல்லுதலுக்குப் பதிலாகக் கருத்தடையும் தடுப்பூசியுமே வழியென்று 1964 முதல் அச்சங்கத்தார் வாதாடினர். மாநகராட்சி அதனை ஏற்றுக்கொண்டது 1996ஆம் ஆண்டில். முப்பத்திரண்டு ஆண்டுகள்! இலங்கையிலும் 1893ஆம் ஆண்டின் விசர்நோய்ச் சட்டத்தின்கீழ் தெருநாய்களைக் கொல்லும் வழக்கம் நெடுங்காலம் நடந்தது. 2006ஆம் ஆண்டில் கொல்லாமைக் கொள்கை அரசாங்கத்தால் மேற்கொள்ளப்பட்டது. இரண்டு குட்டிகளை வெள்ளத்தினின்று தூக்கிய கை எத்துணைத் தூரம் நீண்டது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

இனி, ஒப்படைத்தல். மீட்பு வேலையில் மிகக் கடினமான நாள், நாயைக் கானிலிருந்து தூக்கிய நாளன்று. அதனை இன்னொருவர் கையிற் கொடுக்கும் நாளே. எட்டு வாரம் சோறிட்ட பிள்ளை அழும். நாயும் திரும்பித் திரும்பிப் பார்க்கும். ஆனால் எடுத்த எல்லாவற்றையும் தானே வைத்துக்கொள்ள முனைபவர், ஐந்தாவது நாய்க்குமேல் எதனையும் காக்க மாட்டார். கொடுக்கத் தெரிந்தவர்க்கே அடுத்த உயிரை எடுக்க இடமிருக்கும்.

கொடுக்குமுன் சில வினாக்களைக் கேட்டல் கடமை. வீட்டில் எல்லாரும் சம்மதித்தார்களா? கொழும்புக்கு வேலைதேடிக் குடும்பம் போகுமாயின், நாயைப் பார்ப்பவர் யார்? சங்கிலியில் நாள் முழுதும் கட்டிவைக்கவா, வேட்டைக்குக் கொண்டுபோகவா, கூடி வாழவா கேட்கின்றார்கள்? கேட்பவர் முகம் கோணுமே என்று கூசுதல் வேண்டாம். பெண் கொடுக்குமுன் பத்து வினாக் கேட்கும் சமுதாயம், நாய் கொடுக்குமுன் மூன்று வினாக் கேட்பதில் குற்றமில்லை. கொடுத்தபின் ஒரு மாதம் கழித்து ஒருமுறை சென்று பார்த்துவருதலும் வேண்டும். சரிவராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்ற உறுதிமொழி, நாய் மறுபடியும் சாலைக்கு வராமற் காக்கும்.

மலைநாட்டுக்கென்றே உரிய நிபந்தனை ஒன்றும் உண்டு. இருட்டியபின் நாய் உள்ளே அடைக்கப்படல் வேண்டும். தேயிலைக்கு நடுவிலுள்ள காட்டுத் துண்டுகளில் சிறுத்தைகள் வாழ்கின்றன. வெளியே உறங்கும் நாய் அவற்றுக்கு எளிய இரை. நாயைத் தேடி வரும் சிறுத்தை லயத்து வாசல் வரை வரும். அடுத்த நாள் மக்கள் அஞ்சுவர், அச்சம் கண்ணியாகும், கண்ணி மீண்டும் ஓர் உயிரைப் பிடிக்கும். இரவில் நாயை உள்ளே அடைக்கும் ஒரு கதவு, நாயையும் சிறுத்தையையும் மனிதனையும் ஒருங்கே காக்கின்றது. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு பெற்ற குடும்பங்களுக்கு இது எளிது. லயத்திலே இருப்போர்க்கும் நான்கு பலகையும் ஒரு கொண்டியும் இருந்தாற் போதும்.

விலங்குகளுக்குக் கொடுமை இழைப்போரைத் தண்டிக்க இலங்கையில் 1907ஆம் ஆண்டு சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அச்சட்டம் விதித்த உயர்ந்த அபராதம் நூறு ரூபாய். அன்று அது பெருந்தொகை. நூறாண்டு கழிந்தபின் அதைக் கொண்டு ஒரு வேளை உணவும் வாங்க முடியாத நிலை வந்தது. அதே 1907ஆம் ஆண்டில், மற்றொரு தேயிலை மலையாகிய நீலகிரியில், குன்னூரில், விசர்நோய்த் தடுப்பு மருந்துக்கென்று பாஸ்டர் நிலையம் நிறுவப்பட்டது. எழுதிவைத்த சட்டத்தின் மதிப்புக் காலத்தால் தேய்ந்தது. மருந்து ஆக்கிய அறிவின் பயன் காலத்தால் வளர்ந்தது. சட்டம் வேண்டாமென்பதில்லை. ஆனால் சட்டம் வந்து காக்கும்வரை கானிற் கிடக்கும் நாய் காத்திராது.

மாரியம்மன் கோவில் திருவிழாக்களிற் பாரதக் கதை கேட்டு வளர்ந்தவர்கள் மலையக மக்கள். தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் புகத் தருமர் மறுத்த கதை அவர்கள் அறியாததன்று. அங்கே தருமர் சொர்க்கத்தை விட்டுக்கொடுக்கத் துணிந்தார். இங்கே கேட்கப்படுவது அத்துணைப் பெரிதன்று. ஒரு பழஞ்சாக்கு, ஒரு துணிக்கிழிசல், காம்பராவுக்கு ஐம்பது ரூபாய், எட்டு வாரம் ஒரு மூலை.

மீண்டும் அந்தக் காலைச் சாலைக்கே வருவோம். பனி விலகவில்லை. கானில் நாய் கிடக்கின்றது. பிரட்டுக்களத்துக்குப் போகும் பெண்கள் நிற்கின்றார்கள். ஒருத்தி கூடையிலிருந்த படங்குச் சாக்கை எடுத்து நாயின்மேற் போர்த்துகின்றாள். இன்னொருத்தி, பாடசாலைக்குப் புறப்படும் தன் மகனைக் கூப்பிட்டு, லயத்திலிருக்கும் தாத்தாவிடம் சொல்லிவிட்டுப் போகுமாறு பணிக்கின்றாள். பின்னர் அவர்கள் வேலைக்குப் போகின்றார்கள், பேரும் போகவில்லை. அந்தச் சாக்கின் கீழே, ஓர் உயிர் உரியவர்களைப் பெற்றுவிட்டது.